பிரான்சைஸ் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? (சைவ டிபன் கடை, இரண்டு கிளைகள்)

இட்லிக்கடை_ஈசூன்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நானும் தம்பியும் சிங்கப்பூரில் சைவ டிபன் கடை நடத்துகிறோம். தேக்காவில் ஒன்று, ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒன்று. இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், தே, காப்பி மட்டும்தான். மதியச் சாப்பாடு கிடையாது. மாவும் சாம்பாரும் சட்னியும் தேக்கா கடையின் பின்கட்டில் தயாராகி விடிகாலையில் வேனில் ஈசூன் போகின்றன. இரண்டு கடைகளும் ஒரே தனியார் நிறுவனத்தின் பெயரில் உள்ளன. பொருள் சேவை வரிக்குப் பதிந்திருக்கிறோம்.

செங்காங்கில் எங்கள் பெயரில் கடை போட, அதாவது பிரான்சைஸ் எடுக்க, ஒருவர் கேட்கிறார். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்தும் ஒருவர் பேசுகிறார். ஆலோசகர் ஒருவர் கையேடு, ஒப்பந்தம், விளம்பரப் புத்தகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை சொல்லியிருக்கிறார். அவரிடம் கையெழுத்துப் போடும் முன் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொள்ள நினைக்கிறேன்.

நுழைவுக் கட்டணம், ராயல்டி (விற்பனையில் எங்களுக்கு வரும் பங்கு) எப்படி நிர்ணயிப்பது? சிங்கப்பூரில் பிரான்சைஸை எங்காவது பதிய வேண்டுமா? தோசைக்கல்லில் நிற்பவர் மாறினால் ருசியும் மாறிவிடுகிறது, அதற்கு என்ன வழி? ஒப்பந்தத்தில் எதை விட்டுவிடக் கூடாது?


கணக்கர்_ஜூரோங்:

வணக்கம் சகோதரி. மற்ற கடைகள் என்ன வாங்குகின்றன என்று பார்த்து ராயல்டியை வைக்காதீர்கள். மாதக் கடைசியில் பிரான்சைஸ் எடுத்தவர் கையில் எவ்வளவு நிற்கும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். வரி நீக்கிய மாத விற்பனை 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பொருள்களுக்கு 16,000. மத்திய சேம நிதியோடு சேர்த்துச் சம்பளம் 15,000. வாடகையும் சேவைக் கட்டணமும் 9,000. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 2,000. பொட்டலப் பொருள், சுத்தம், பழுதுபார்ப்பு 2,000. மிச்சம் 6,000 வெள்ளி. இதுவரை பரவாயில்லை. விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு விநியோகச் செயலிகள் வழியாக வந்து, அவை 30 விழுக்காடு பிடித்தால் 3,000 போய்விடும். எஞ்சிய 3,000 வெள்ளியில் 5 விழுக்காடு ராயல்டிக்கு 2,500, விளம்பர நிதிக்கு 2 விழுக்காடு என்றால் 1,000. எடுத்தவர் மாதம் 500 வெள்ளி கைக்காசு போட்டுக் கடையை ஓட்டுவார். அவர் சோம்பேறி என்பதாலோ இடம் சரியில்லை என்பதாலோ வந்த நட்டம் இல்லை இது. கணக்கிலேயே இருந்த நட்டம்.

பலர் கவனிக்காத இன்னொரு ஓட்டை பொருள் சேவை வரி. மாதம் 50,000 விற்கும் கடையின் ஆண்டு விற்பனை 600,000 வெள்ளி. கட்டாயப் பதிவுக்கான 1 மில்லியன் வெள்ளி வரம்பை அது தொடவில்லை, ஆகவே எடுத்தவர் பெரும்பாலும் பதிய மாட்டார். நீங்கள் பதிந்தவர் என்பதால் ராயல்டி, விளம்பர நிதி, நீங்கள் விற்கும் மாவு என எல்லாவற்றுக்கும் 9 விழுக்காடு போட்டுத்தான் ரசீது கொடுப்பீர்கள். அதை அவரால் திரும்பக் கோர முடியாது. மாதம் 10,000 வெள்ளிக்கு மாவும் சாம்பார் விழுதும் வாங்கி 3,500 வெள்ளி ராயல்டியும் விளம்பர நிதியும் கட்டுபவருக்கு, வரி மட்டும் 1,215 வெள்ளி கூடுதல் செலவு. மேலே உள்ள கணக்கில் இதைச் சேர்க்கவே இல்லை.

அடுத்தது முதலீடு. கடை அலங்காரமும் உபகரணமும் 150,000, நுழைவுக் கட்டணம் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை முன்பணம் தனி. இங்கே கடை வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று ஆண்டு. 180,000 வெள்ளியை 36 மாதத்தில் திரும்ப எடுக்கவே மாதம் 5,000 வெள்ளி லாபம் வேண்டும். வாடகை முடியும்போது கடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் செலவும் காத்திருக்கிறது. இதனால்தான் உங்களுக்கு நாற்காலி போட்ட கடையைவிட 300 சதுர அடிக்குள் அடங்கும் பொட்டலக் கடை பொருந்தும் என்று நினைக்கிறேன். மெனு சிறியது, சமையல் எளிது, அலங்காரச் செலவு பாதிக்கும் கீழே வரும்.

இப்போது ஈசூன் கடைக்கு நிழல் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதை அந்நியர் கடையாக நினைத்து, மாவை விற்பனை விலையில் ரசீது போட்டு அனுப்புங்கள், ராயல்டியைக் கழியுங்கள். நீங்களோ தம்பியோ அங்கே நிற்கும் நேரத்துக்குச் சந்தைச் சம்பளம் எழுதுங்கள். பழைய வாடகையில் இருந்தால் இன்றைய வாடகையைப் போடுங்கள். ஆறு மாதம் இப்படி ஓட்டிய பிறகும் லாபம் நின்றால்தான் விற்கத் தகுந்த பிரான்சைஸ் உங்களிடம் இருக்கிறது. நிற்காவிட்டால் எந்த ஒப்பந்தமும் அதைச் சரிசெய்யாது.

உங்கள் பக்கக் கணக்கும் உண்டு. கடைகளைச் சுற்றிவந்து பார்க்க ஒரு மேற்பார்வையாளருக்கு 4,500 வெள்ளி சம்பளம் கொடுத்தால், 17 விழுக்காடு மத்திய சேம நிதியோடு 5,265 ஆகும். ஒரு கடை ராயல்டி 2,500 என்றால் இரண்டு கடைகள் சேர்ந்தும் அவருடைய சம்பளத்துக்கு வராது. மூன்றாவது கடை திறக்கும்வரை நீங்கள்தான் போட்டு நடத்த வேண்டும். நுழைவுக் கட்டணத்தை லாபமாக எண்ணிச் செலவழிப்பவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குவார்கள். அடுத்தடுத்து ஆள் சேர்த்தால்தான் பணம் வரும் என்ற நிலைமை வந்துவிடும், பிறகு தகுதி பார்க்காமல் கொடுக்கத் தோன்றும்.

ராயல்டியும் எடுத்து மாவிலும் பெரிய லாபம் வைக்காதீர்கள், ஏதாவது ஒன்றில் எடுங்கள். எடுத்தவர் வெளி மாவின் விலையை விசாரித்து அறிய அதிக நாள் ஆகாது. அறிந்ததும் வெளி மாவைக் கலப்பார், அதோடு உங்கள் பெயர் போகும்.

ஆலோசகரிடம் கையெழுத்துப் போடாததும் நல்லதே. எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் நிறுவன மேம்பாட்டு மானியத்துக்கு, வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்குரிமையும் வேண்டும். உங்கள் திட்டத்துக்கு அது பொருந்துமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.


சமையல்கூடம்24:

அக்கா, ருசி மாறுவதற்குக் கல்லில் நிற்பவரைவிட, மாவு எந்த நிலையில் கடைக்குப் போய்ச் சேருகிறது என்பதே பெரிய காரணம். பிரான்சைஸ் கடைக்குப் புளித்து முடிந்த மாவுதான் போக வேண்டும். அங்கே புளிக்கவிட்டால், இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் கடைத்தொகுதியில் ஒரு மாவு, புழுக்கமான கோப்பிக்கடையில் வேறொரு மாவு.

எல்லாவற்றையும் எடையில் எழுதுங்கள். படி, டம்ளர், கைப்பிடி எதுவும் கையேட்டில் இருக்கக் கூடாது. இட்லி அரிசி 4 கிலோ, உளுந்து 1 கிலோ, வெந்தயம் 20 கிராம் என்றால், தண்ணீரையும் கிலோவில் சொல்ல வேண்டும். உளுந்து புதிதா பழையதா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் இழுக்கும் அளவு மாறும். புது மூட்டை பிரிக்கும்போது 1 கிலோ அரைத்துப் பார்த்து, தண்ணீர் அளவைத் திருத்தி, மூட்டை எண்ணோடு பதிவேட்டில் எழுதுங்கள். பெரிய கிரைண்டரில் மாவு சூடேறினால் உளுந்து பொங்குவது குறையும். ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், முடியும்போது வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

புளிப்பை 28 முதல் 30 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரம் என்று தொடங்கலாம். ஆனால் மணியைப் பார்த்து நிறுத்தக் கூடாது. எவ்வளவு பொங்கியிருக்கிறது, பிஎச் மீட்டர் (புளிப்பை அளக்கும் கருவி) 4.5 வாக்கில் காட்டுகிறதா என்ற இரண்டையும் பார்த்து நிறுத்த வேண்டும். அடுத்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். 20 கிலோ வாளியைக் குளிர் அறையில் வைத்தால் ஓரம் குளிர்ந்துவிடும், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து மேலும் புளிக்கும். மேல் மாவில் சுட்ட தோசை ஒரு ருசி, அடி மாவில் சுட்டது இன்னொரு ருசி. 5 கிலோ பிடிக்கும் ஆழம் குறைந்த டப்பாக்களில் ஊற்றி 5 டிகிரிக்குக் கீழே இறக்கி, குளிர்பதன வேனில் அனுப்புங்கள். டப்பாவில் தயாரித்த நாளும் கடைசி நாளும் ஒட்டியிருக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். புளிப்பு ஏற ஏறத் தோசை சிவப்பது குறையும். கல்லில் நிற்பவர் அதற்காக நெருப்பைக் கூட்டுவார், தோசை முறுகுவதற்குப் பதில் காய்ந்துபோகும். பிறகு எல்லாரும் மாஸ்டரைத் திட்டுவார்கள்.

கடையில் செய்ய வேண்டியதைச் சுருக்கிவிடுங்கள். ஒரே கொள்ளளவுள்ள கரண்டி. மாவு ஊற்றும் முன் கல் 190 முதல் 200 டிகிரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு அகச்சிவப்பு வெப்பமானி. சரியான தோசையின் படம், தவறான தோசையின் படம், இரண்டும் சுவரில்.

தேங்காய்ச் சட்னியை வேனில் அனுப்புவதை நிறுத்துங்கள். உறைந்த தேங்காய்த் துருவலும், எடை போட்டுக் கட்டிய பொட்டுக்கடலை, மிளகாய், உப்புப் பொட்டலமும் அனுப்பி அங்கேயே அரைக்கச் சொல்லுங்கள். வெளியே வைத்தது நான்கு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். சாம்பாரைக் கெட்டியாகச் செய்து அனுப்பலாம், ஆனால் 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்தில், 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்தில் இறங்க வேண்டும். பெரிய அண்டாவில் வைத்தால் இறங்காது, ஆழமில்லாத தட்டில் ஊற்றுங்கள். கடையில் சேர்க்கும் வெந்நீரும் எடைக் கணக்கில்தான்.

தேக்கா பின்கட்டை நம்பி இதைச் செய்ய முடியாது. வேறு நிறுவனங்களின் கடைகளுக்கு உற்பத்தி செய்து அனுப்பும் சமையல்கூடத்துக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உணவுப் பதனீட்டு நிலைய உரிமம் வேண்டும். உணவுத் தொழிலுக்கு அனுமதியுள்ள தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இடம் பாருங்கள். ஒவ்வொரு கடைக்கும் தனி உணவுக்கடை உரிமம், அது எடுப்பவர் நிறுவனத்தின் பெயரில். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழும் அந்தந்த இடத்துக்குத்தான். சைவக் கடை என்பதால் தானாக வந்துவிடாது.

இடம் பார்க்கும்போது வாடகைக்கு முன்பே கேட்க வேண்டியவை புகைபோக்கிக் குழாய், எண்ணெய்ப் பொறி (கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டி), மின்சாரத் திறன். குழாய் இல்லாத கடையில் தோசைக்கல் வைக்க விடமாட்டார்கள். வாடகை ஒப்பந்தம் போட்ட பிறகு இது தெரியவந்தால், எடுத்தவரின் முன்பணம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் போகும்.


இட்லிக்கடை_ஈசூன்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஈசூனுக்குப் புளிக்காத மாவுதான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம், முதலில் அதை மாற்றுகிறோம். ஒரு சந்தேகம்: செங்காங் கடைக்கு ஆரம்பத்தில் எங்கள் தோசை மாஸ்டரை ஆறு மாதம் அனுப்பி வைக்கலாமா? அவர் வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறார்.


சமையல்கூடம்24:

அனுப்ப வேண்டாம் அக்கா. அனுமதிச் சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதற்குத்தான் அவர் வேலை செய்யலாம். செங்காங் கடை வேறு நிறுவனம். அங்கே அவர் கல்லில் நின்றால் உங்கள்மீதும் அவர்மீதும் கடைக்காரர்மீதும் நடவடிக்கை வரும். செங்காங் ஆட்களை உங்கள் கடைக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுப்பதாக இருந்தாலும், அவர்கள் சீட்டில் இருப்பவர்கள் என்றால் மனிதவள அமைச்சிடம் முதலில் தெளிவு பெறுங்கள்.

எடுப்பவர் சொந்தமாக மாஸ்டர் கொண்டுவருவார் என்றும் எண்ண வேண்டாம். 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதிச் சீட்டில் எடுக்க முடிகிறது. ஆனால் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி, அவர்கள் எண்ணிக்கை நிறுவனத்தின் மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பத்துப் பேர் உள்ள கடைக்கு அந்தக் கணக்கில் ஒருவர்கூடத் தேறமாட்டார். இரண்டு கடைகளையும் ஒரே நிறுவனத்தில் வைத்திருப்பதால் உங்களுக்கு ஆள் கணக்கு சேர்கிறது, ஒற்றைக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. உள்ளூர்ப் பகுதிநேர ஊழியர் ஒருவர் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளும்படி தோசை வேலை சுருங்கினால்தான் செங்காங் நடக்கும். கையேட்டைச் சோதிக்கவும் அதுதான் வழி. உங்களோடு வேலை செய்திராத இருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று, காலைக் கடை திறப்பிலிருந்து மதியம்வரை பாருங்கள். அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் கையேட்டில் விட்டுப்போன பக்கம்.


ஒப்பந்தவாசகன்:

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமும் இல்லை, பதிவும் இல்லை. பிரான்சைஸ் மற்றும் உரிமம் வழங்குவோர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு நெறிமுறை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கேட்டு யாரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தனிச் சட்டம் இல்லாததால் எல்லாச் சுமையும் ஒப்பந்தத்தின்மேல் விழுகிறது. மாதம் இத்தனை லாபம் வரும் என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி பொய்யாகிப்போனால், பொய்யான கூற்றுகளுக்கான 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்கு வரலாம். ஈசூன் கடையின் உண்மைக் கணக்கைக் காட்டுங்கள், செங்காங் கடைக்கு முன்கணிப்பு சொல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன் வணிகச் சின்னம். சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் உணவகச் சேவைக்கு 43-ஆம் வகுப்பு, மாவையும் மசாலாவையும் பொட்டலமாக விற்பதாக இருந்தால் 30-ஆம் வகுப்பு, பிரான்சைஸ் நிர்வாகத்துக்கு 35-ஆம் வகுப்பு. பெயர்ப்பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பீர்கள், இரண்டையும் காத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துக்கு ஒலிபெயர்ப்பும் பொருளும் விண்ணப்பத்தில் கொடுக்க வேண்டும். விற்கும் பண்டத்தை மட்டும் சொல்லும் பெயர்கள், ‘சூடான தோசை’ போன்றவை, பதிவாவது கடினம். விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின் மற்றவர் எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு மாதம் உண்டு. பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். சின்னம் உங்கள் பெயரிலோ தம்பி பெயரிலோ இருந்தால் நிறுவனத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு உரிமம் கொடுங்கள். குடும்பத்துக்குள் பிணக்கு வந்தால் முதலில் இழுபடுவது அதுதான்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது வாடகையோடு கால அளவு பொருந்துகிறதா என்று. பிரான்சைஸ் ஐந்து ஆண்டு, வாடகை மூன்று ஆண்டு என்றால் நான்காம் ஆண்டு கடையே இல்லாமல் உரிமம் மட்டும் இருக்கும். வாடகைக்கு எடுத்தவர் விலகினால் அந்த இடத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளும் உரிமை வேண்டுமானால், கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் தொடக்கத்திலேயே வாங்கியிருக்க வேண்டும். உங்கள் இருவருக்குள் எழுதிக்கொள்வது அவரைக் கட்டுப்படுத்தாது. சில்லறைக் கடை வாடகை ஒப்பந்தச் சட்டம் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்கீழ் வரும் நடத்தை நெறி வாடகை கணக்கிடும் முறையையும் தொடுகிறது, கையெழுத்துக்கு முன் எடுப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உணவங்காடிக் கடையை யாராவது காட்டினால், அங்கே உரிமம் பெற்றவரே நின்று நடத்த வேண்டும், உள்வாடகைக்கு விட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

வட்டாரப் பாதுகாப்பை ‘2 கிலோமீட்டர் சுற்றளவு’ என்று எழுதினால் சண்டை நிச்சயம். செங்காங்கும் பொங்கோலும் ஒட்டியே இருக்கின்றன, விநியோகச் செயலிக்கோ எல்லையே கிடையாது. எந்தக் கடைத்தொகுதி, எந்த புளோக் வரிசை என்று பெயர் சொல்லி எழுதுங்கள், செயலி வழி வரும் கட்டளைகளுக்குத் தனி வரி சேருங்கள். அந்தச் செயலிக் கணக்கு, கூகள் வரைபடப் பதிவு, கடைத் தொலைபேசி எண், சமூக ஊடகப் பக்கம் நான்கும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் திறக்கப்பட வேண்டும். பிரிந்துபோனவர் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு அதே எண்ணில், அதே மதிப்புரைகளோடு வேறு பெயரில் தோசை விற்பதை நிறுத்த இதைவிட எளிய வழி கிடையாது. வாடிக்கையாளர் பட்டியல் யாருடையது என்பதையும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்ப எழுதிவிடுங்கள். கல்லாக் கருவியின் விற்பனைக் கணக்கு நேரடியாக உங்களுக்குத் தெரிய வேண்டும், ராயல்டி விற்பனையில் கணக்கிடப்படுகிறது என்றால் இது கட்டாயம்.

வெளிமாவு பிடிபட்டால் 50,000 வெள்ளி அபராதம் என்பது போன்ற பயமுறுத்தும் தொகைகளை எழுத வேண்டாம். உண்மையில் ஏற்படக்கூடிய நட்டத்தின் நியாயமான முன்மதிப்பீடாக இல்லாத தொகையை இங்குள்ள நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிடும். போட்டித்தொழில் தடையும் அப்படியே: ஐந்து ஆண்டு, சிங்கப்பூர் முழுக்க, எந்த உணவுத் தொழிலும் கூடாது என்றால் நிற்காது. ஓராண்டு, குறிப்பிட்ட வட்டாரம், தென்னிந்திய டிபன் என்று குறுக்கினால் நிற்க வாய்ப்பு அதிகம். எடுப்பவர் தனியார் நிறுவனமாக வந்தால் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதம் வாங்குங்கள், இல்லையென்றால் வழக்கில் வென்றாலும் வெறும் பெயருள்ள நிறுவனம்தான் எதிரே நிற்கும்.

கடைசியாக, எடுத்தவர் இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்ற ஏற்பாட்டை யாராவது முன்வைத்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பலநிலை விற்பனைத் தடைச் சட்டம் அதைத் தொடக்கூடும்.


இரு_கரை:

ஜொகூர் விஷயத்துக்கு மட்டும் பதில். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டுப் பிரான்சைஸ் சட்டம் இருக்கிறது, சிங்கப்பூர் போல நினைத்துக்கொண்டு பேசக் கூடாது. வெளிநாட்டு நிறுவனம் அங்கே பிரான்சைஸ் கொடுக்க முன்வருவதற்கே ஒப்புதலும் பதிவும் தேவை. பதிவுக்கு முன் அவரிடம் முன்பணம் வாங்கிவிடாதீர்கள். ஒப்பந்தம் குறைந்தது ஐந்து ஆண்டு. விவர ஆவணத்தைக் கையெழுத்துக்குப் பத்து நாள் முன்பே கொடுக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகும் மனம் மாறி விலக அவருக்குக் குறைந்தது ஏழு வேலை நாள் அவகாசம் உண்டு. ஆகவே செங்காங் கடையை முதலில் திறந்து ஓராண்டுக் கணக்கு கையில் வைத்துக்கொண்டு ஜொகூர் பக்கம் திரும்புவதே சரி. சமையல்கூடத்திலிருந்து உளுந்து மாவை எல்லை தாண்டி அனுப்பி நடத்தவும் முடியாது. சுங்கச் சாவடி நெரிசலில் வேன் நின்றால் மாவு புளித்துக்கொண்டே இருக்கும். அங்கேயே அரைக்கும் ஏற்பாடு வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிங்கப்பூரில் சின்னத்துக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மலேசியாவிலும் விண்ணப்பித்தால் முதல் தேதியே அங்கும் கணக்கில் வரும். மட்ரிட் முறையில் (பல நாடுகளில் சின்னம் பதிய உதவும் பன்னாட்டு ஏற்பாடு) ஒரே விண்ணப்பத்தில் மலேசியாவையும் இந்தியாவையும் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் இதே பெயரில் சைவ உணவகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று அதற்கு முன் தேடிப் பாருங்கள். பெயரையோ எழுத்து வடிவத்தையோ மாற்றும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். தாக்கல் செய்த பிறகு திருத்த விடமாட்டார்கள், புதிதாகக் கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.